சேற்றரக்கியின் முதுகு

ஜஸ்டஸ் எழுதிய நாவலைப் பிரித்தவுடனே எனக்குக் குமட்டிவிட்டது. உள்ளே என்ன எழுதியிருக்கிறான் என்று பார்ப்பதற்கு முன்பே. ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த அத்தரைக் காகிதக் கட்டின்மேல் தாராளமாகத் தெளித்திருந்தான். பாறசாலையில் ரயில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மடியில் விரித்தேன். எதிரே இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் தேடி எழுந்து போனாள். நெய்யாற்றின்கரை வருவதற்குள் எனக்குத் தலைவலி பிடித்துக்கொண்டது.

என் பெயர் ஞானசம்பந்தம். திருவனந்தபுரத்தில் அரசாங்க குமாஸ்தா. நாகர்கோவிலிலிருந்து வருகிற ஒரு சிறு பத்திரிகையில் புத்தக மதிப்புரை எழுதுவேன். அதை முழுசாகப் படிக்கிறவர்கள் என்னிடம் திட்டு வாங்கிய ஆசிரியர்கள் மட்டும்தான். ஆனாலும் எல்லையின் இந்தக் கேரளப் பக்கத்தில் தமிழில் நாலு வரி கிறுக்குகிற எவனும் கடைசியில் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பான். 'அபிப்பிராயம் சொல்லணும் சார்' என்பான். பாராட்டு வேண்டும் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

நாவலின் தலைப்பு 'வைரத்தேர் வேந்தன்'. அந்த வேந்தன் தும்மினால் மழை பெய்யும். கொட்டாவி விட்டால் பூக்கள் மலரும். ஒவ்வொரு அத்தியாயமும் அவன் குளிப்பதில்தான் தொடங்கும். பன்னீரில் குளிப்பான், பாலில் குளிப்பான், தேனில் குளிப்பான். தேனில் குளித்த மனிதனை எறும்பு சும்மா விடுமா என்று யோசிக்க ஆசிரியருக்கு நேரமில்லை. குதிரை பேசும், கிளி பேசும், இரும்புக் கழுத்து ராட்சசப் பறவை ஒன்றும் பேசும். அந்தப் பறவை வேறொன்றும் இல்லை, கட்டடம் கட்டுகிற கிரேன். ஷார்ஜாவில் அதன் அடியில் நின்று வேலை பார்த்தவன், பெயரை மாற்றி உள்ளே நுழைத்துவிட்டான். ஜனங்கள் என்று வந்தவர்கள் எல்லாரும் வேந்தனின் பாதத்தைக் கண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு தண்ணி கிடையாது, வேறு ஜோலியும் கிடையாது.

வேந்தனின் வலது காதில் ஒரு மரு உண்டு என்று மூன்றாம் அத்தியாயத்தில் வந்தது. வெற்றிலையைக் கிழித்து, பாதியைத் தூர எறிந்துவிட்டு மீதியைத்தான் வாயில் போடுவானாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேந்தன் என் அப்பா.

அப்பா சிவதாணு பிள்ளைக்கு அப்போது எண்பது வயது இருக்கும். ஒரு காலத்தில் காரோடு ஊர் வரைக்கும் எங்கள் நிலம் என்பார். அதில் பாதி பொய். மீதியை நிலச் சட்டம் கொண்டுபோயிற்று. குத்தகைக்குப் பயிர் செய்தவர்களுக்கு வயல் போயிற்று. எங்கள் வாழை விளையில் குடிசை போட்டுக் கிடந்தவர்களுக்கு, குடிசை இருக்கும் இடத்தைச் சுற்றிப் பத்து சென்ட் என்று சட்டம் சொன்னது. அப்படிப் பத்து சென்ட் கிடைத்தவள் சாராம்மா. அவள் மகன்தான் இந்த ஜஸ்டஸ்.

அவளுக்கு அது சும்மா கிடைக்கவில்லை. குடிசை இருந்தால்தானே பத்து சென்ட் என்று, சட்டம் வந்த வருஷத்து மழையில் அப்பா ஆள் விட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டார். சாராம்மா வெளியே வரவில்லை. அலுமினியச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பையனைத் தன்னோடு அணைத்துக்கொண்டு, மழை விடும்வரை சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். நான் அப்போது கொல்லத்தில் வேலையில் இருந்தேன். இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஊர்க்காரர்கள் இல்லை, அப்பாவேதான். கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எதிர் வரிசைக்கும் கேட்கும்படி சொல்லுவார். "சர்க்காரு அவளுக்குப் பத்து சென்ட் குடுத்துது. நான் குடுத்தது ஜலதோஷம்" என்று முடிப்பார். பந்தியே சிரிக்கும். நான் பாயசத்தைத் தொடாமல் இலையை மடிப்பேன்.

அந்தப் பத்து சென்ட் எங்கள் விளையின் நட்டநடுவில் கிடந்தது. ரோட்டிலிருந்து அங்கே போக, வாழைக்கும் மரச்சீனிக்கும் இடையே ஒற்றையடிப் பாதைதான் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் ஜஸ்டஸ் லீவில் வந்து அங்கே கான்கிரீட் வீடு கட்டத் தொடங்கினான். லாரி உள்ளே போகாது. மணல், சல்லி, கம்பி, சிமென்ட் எல்லாவற்றையும் ரோட்டோரத்தில் இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டும். சுமக்கிற பெண்களோடு சாராம்மாவும் சுமந்தாள். அறுபதை நெருங்கியவள். வண்டி போகிற அளவுக்கு வழி விடுங்கள், நிலத்துக்கு என்ன விலையோ தருகிறேன் என்று ஜஸ்டஸ் மூன்று தடவை வந்து கேட்டான். "கல்ஃபுக்கு பறந்துதானே போன. வீட்டுக்கும் பறந்து போலே" என்று அப்பா அனுப்பிவிட்டார்.

நாலாம் தடவை அவன் வழி கேட்கவில்லை. நாவலோடு வந்தான்.

சாயங்காலம் ஆனால் எங்கள் முன்வராந்தாவில் அவன் வாசிப்பான். அப்பா சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, கண்ணை மூடி, வாயில் வெற்றிலையோடு கேட்பார். வேந்தன் பன்னீரில் குளிக்கும் இடம் வந்தால், 'ம்' என்று அடித்தொண்டையில் ஒரு முனகல் வரும். ஜனங்கள் அழுகிற இடங்களை இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லுவார். எச்சில் நிறைந்ததும் கையை நீட்டுவார். ஜஸ்டஸ் வாசிப்பதை நிறுத்தாமலே கோளாம்பியை எடுத்து அவர் வாய்க்கு நேராகப் பிடிப்பான். ஷார்ஜாவில் வாங்கிய வாட்ச் கட்டிய கை. அதில் சிவப்பாகத் துளி தெறிக்கும். அவன் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவான். நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது தினமும் இதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு பேரில் யாரைக் கண்டு எனக்கு அதிகம் அருவருப்பு என்று தெரியவில்லை. நக்குகிறவனும் ரசித்தான், நக்கக் கொடுத்தவரும் ரசித்தார்.

ஒரு நாள் அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "எலே, கதெ கொள்ளாம், நல்லாருக்கு கேட்டியா. முடியட்டு. நல்லா முடிச்சியானா எட்டடி விடுதேன். லாரி போவட்டு."

ஜஸ்டஸ் எழுந்தே நின்றுவிட்டான். மறுநாள்தான் கையெழுத்துப் பிரதியை என்னிடம் கொடுத்து, முழுசாகப் படித்து அபிப்பிராயம் சொல்லணும் என்றான்.

நானும் படித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, தினமும் போகவர ரயிலில். கடைசிக்குச் சற்று முன்னால், பாதி தூக்கத்தில், ஒரு பக்கத்தைத் திருப்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வேந்தனின் தேர் போகிற வழியில் ஒரு சதுப்பு. அங்கே கூரை இல்லாத குடிசையில் ஒரு சேற்றரக்கி இருக்கிறாள். வேந்தனின் சேனை வந்து விரட்டுகிறது. அவள் எழுந்திருக்கவில்லை. தலையில் சட்டி கவிழ்த்திருக்கிறாள். மழையில் அடுப்பு அணைகிறது. பக்கத்தில் நின்ற சேனாதிபதியின் குடையைப் பிடுங்கி அடுப்புக்குப் பிடித்து மரச்சீனிக் கிழங்கு அவிக்கிறாள். வெந்ததா என்று சேனாதிபதியைத் தின்று பார்க்கச் சொல்கிறாள். அவன் பசியில் வாங்கித் தின்கிறான். "தின்னுட்டு வெரட்டு, வெறும் வயத்துல வெரட்டாத" என்கிறாள். அதற்குமேல் அவள் வேந்தனின் குலத்தையே ஏசுகிற ஏச்சு ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு அடைமொழி கிடையாது, ஒரு பன்னீர்ச் சொட்டு கிடையாது. இவ்வளவு குப்பைக்கு நடுவே இவளை எழுதியது இந்தப் பயல்தானா என்று முதல் பக்கத்தைத் திருப்பிப் பெயரைப் பார்த்தேன்.

அடுத்த பக்கத்தில் வேந்தன் ஈட்டியை எறிகிறான். சேற்றரக்கி குப்புற விழுந்து சாகிறாள். விழுந்த உடல் நீண்டு, விரிந்து, சதுப்பை மூடுகிறது. அவள் முதுகு ராஜபாட்டை ஆகிறது. வேந்தன் மனமிரங்கி, ஏழை ஜனங்களும் அதில் போய்க்கொள்ளலாம் என்று ஆணையிடுகிறான். ஜனங்கள் அழுகிறார்கள். சுபம்.

பிரதியை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே துப்பினேன். நாவலாவது மண்ணாவது. எட்டடி வழிக்கு நானூறு பக்க விண்ணப்பம். அதற்காகப் பெற்ற தாயை அரக்கியாக்கி, கூரையைப் பிரித்தவன் கையாலேயே கொன்று, அவள் முதுகில் லாரி ஓட்டுகிறான். இவ்வளவு கேவலமான ஒரு காரியத்தை நான் அச்சிலும் கண்டதில்லை, அச்சுக்கு வெளியிலும் கண்டதில்லை.

அன்று சாயங்காலம் அவன் பாறசாலை ஸ்டேஷனிலேயே காத்து நின்றான். பிளாட்பாரத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எப்படி சார்? கொள்ளாமா?"

"கொள்ளாது" என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. ஆனால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு தாளை முழங்காலில் விரித்தான். நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளப் போகிறானாம். எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"ராசா குளிக்கியதெல்லாம் வெட்டு. ஒருக்கா குளிச்சா போரும். கிளி பேசட்டு, குதிர பேசாண்டாம். ரெண்டும் ஒரே மாதிரில்லா பேசுது. ஜனங்க எதுக்குடே எப்பளும் அழுதிட்டே இருக்கினும்? அவங்களுக்கு விசக்காதா, சோறு வேண்டாமா? ஒருத்தனாவது ராசாவப் பாத்து மனசுக்குள்ள திட்டாண்டாமா?"

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். ஒன்றையும் மறுக்கவில்லை. அந்தப் பணிவு எனக்குத் தாங்கவில்லை.

"வழி வேணும்ணா வழி கேளு. அதுக்கு எதுக்கு இப்பிடி நக்குத?"

"கேட்டேனே சார். மூணு மட்டம் கேட்டாச்சு. கிட்டல்ல."

"அதுக்கு அம்மையவா கொல்லுவ?"

பேனா நின்றது. பிறகு தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தான். அப்படி அவன் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வழி கிடக்கட்டு சார். அது வேற. நாவலா எடுத்தா எப்பிடி? அத மட்டும் சொல்லுங்க. அங்க வெள்ளியாழ்ச எல்லாரும் சீட்டு களிக்கப் போவினும். நான் கட்டில்ல இருந்து எழுதினதாக்கும். ஆறு வருஷம்."

இப்படிக் கேட்கிறவனிடம் எனக்குப் பொய் சொல்ல வராது. என்னிடம் இருக்கிற ஒரே நல்ல குணமும், ஒரே கெட்ட குணமும் அதுதான்.

"நாவலா எடுத்தா, இதுல உசிரோட உள்ளது ஒருத்திதான். அவளப்போல ஒருத்தியை எழுத எனக்குத் தெரிஞ்ச பெரிய எழுத்துக்காரன் ஒருத்தனுக்கும் கை வராது. அவள நீ கொன்னுட்ட. அவ உசிரோட இருந்தா இது நாவல். செத்தா இது மனு."

"அவ செத்தாத்தானே சார் வழி உண்டாவும்?"

"அது அப்பாவுக்கு. அவருக்குப் பழசையே வாசிச்சுக் குடு. புஸ்தகமா போடும்போ மாத்து. ஆனா அவ சாவப்படாது. எனக்க அபிப்பிராயம் இதுதான்."

அவன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். "இப்பிடி ஆரும் எனக்கிட்ட சொன்னதில்ல சார்" என்றான். அன்றைக்கு அவன்மேல் அத்தர் வாசனை இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நல்ல விமர்சனம் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு நடந்தேன். அந்தத் திருப்தியை இப்போது நினைத்தால் வாயில் கசக்கிறது.

நாவல் முடிகிற அன்று சாராம்மாவும் வந்தாள். அதுவரை அவள் வாசிப்புக்கு வந்ததில்லை. கல் சுமந்த கோலத்திலேயே, தலையில் சும்மாட்டுத் துணியோடு, முற்றத்தில் கிடந்த துவைகல்லின்மேல் உட்கார்ந்தாள். அப்பா அவளைப் பார்த்து இளித்தார். அரக்கி யார் என்று அவருக்கு முந்தின நாளே புரிந்துவிட்டிருந்தது. "ஏட்டி, நல்லாக் கேளு. ஒனக்க கதெதான்" என்றார்.

நான் கதவருகே நின்றேன். ஜஸ்டஸ் வாசித்தான். வேந்தன் தேரில் எழுந்து நின்றான், ஈட்டியை ஓங்கினான், எறிந்தான். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டினார். ஜஸ்டஸ் கோளாம்பியை எடுக்கவில்லை. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் தொடர்ந்தான்.

'சேற்றரக்கி ஈட்டியைக் கையால் பிடித்தாள். நீளம் பார்த்தாள். நல்ல காட்டுமரம். அதைச் சுவருக்குச் சுவர் குறுக்கே வைத்தாள். கூரைக்கு உத்திரம் ஆயிற்று. இன்னொண்ணு இருந்தா எறியும், கைமரத்துக்கு ஆவும் என்றாள். வேந்தனிடம் வேறு ஈட்டி இல்லை. தேரைத் திருப்ப இடமும் இல்லை. இறங்கி, வந்த வழியே நனைந்துகொண்டு நடந்தான்.'

"ஆகா!" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். எத்தனையோ வருஷமாகப் பிறர் எழுத்தைப் படித்துக் குமட்டிக்கொண்டிருந்தவன் நான். சாராம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் இறுகியிருந்தது. சும்மாட்டுத் துணியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்த முட்டாள் நான்.

அப்பா எச்சிலை முற்றத்தில் துப்பினார்.

"வழி எங்கலே?"

"இதுல வழி இல்ல, பிள்ளைவாள்."

"அப்ப இல்ல" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார்.

முற்றத்துக்கு இறங்கி ஜஸ்டஸின் கையைப் பிடித்தேன். "பழச வாசிக்கத்தானே சொன்னேன்?"

"அதுவும் கையில இருந்துது சார். வாயில வரல்ல" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தான். சாராம்மா அவனுக்காகக் காத்திருக்காமல் இருட்டுவதற்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே ஆள் வந்தது. ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும் கல்தூண் நட்டு, முள்கம்பி இழுத்துக் கட்டினார்கள். எவ்வளவு நெருக்கிக் கட்டினால் சட்டம் கேட்காது என்பது அப்பாவுக்குத் தெரியும். நான் சண்டை போட்டேன். 'நிலம் எனக்க பேர்ல, நான் செத்தப் பெறவு நீ ரயிலே விடு' என்றார். லீவு முடிந்து ஜஸ்டஸ் ஷார்ஜாவுக்குப் போனான். புதிய பிரதியின் நகல் ஒன்றை என்னிடம் தந்துவிட்டுத்தான் போனான். வீடு கூரை ஏறாமல் லின்டல் மட்டத்தில் நின்றது. கம்பிக்கு நடுவே சுமக்க முடியாது, சேலை கிழிகிறது என்று சுமட்டுக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தராக நின்றுகொண்டார்கள். மழை தொடங்கியும் சாராம்மா மட்டும் சுமந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரத்தில் அவளைப் பார்த்தேன். ஓலைக் குடையை மண்ணில் போட்டுவிட்டு, நனைந்த சல்லியைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தாள். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று போனேன். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"சின்னப்பிள்ளே, அவன் மாத்தி எழுதினது நீங்க பறஞ்சதுனாலயா?"

"ஆமா. அதுதான் நல்ல கதெ, சாராம்மா. அவன் பெரிய எழுத்துக்காரனா வருவான். நீங்க அதுல..."

"அரக்கியைக் கொல்லுண்ணு பறஞ்சது நானாக்கும்" என்றாள்.

சல்லி வாரிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அவன் மாட்டேன்னு கரஞ்சு அழுதான். நான்தான் எழுத வச்சேன். கெழவனுக்கு என்னெக் கொல்லணும்ணு கூரெ பிரிச்ச அன்னைக்கு மொதலே கொதி, ஆசெ. காயிதத்துல தானே, கொல்லட்டு. கொன்னுட்டு வழி தரட்டுண்ணு பறஞ்சேன். எனக்க வாயில உள்ள ஏச்செல்லாம் நானே சொல்லிக் குடுத்தேன், கெழவனுக்கு நல்லா கொதி ஏறட்டுண்ணு. அடுக்களையில இருந்து வண்டியில ஏறிப் போற ஒரு வழி. அதுக்கு நான் ஒருக்கா செத்தா என்ன?"

"சாராம்மா, அது..."

"எனக்க முதுகுலதானே வழி போட்டான். எனக்கு நோவல்ல. ஒங்களுக்கு எதுக்குப் பிள்ளே நொந்துது?"

சும்மாட்டைத் தலையில் திருத்தி வைத்துக்கொண்டு, கூடையைக் காலால் என் பக்கம் நகர்த்தினாள்.

"இத ஒண்ணு பிடிச்சு ஏத்தி விடுங்க. தனியே தூக்க ஒக்கல்ல."

குனிந்து கூடையைத் தூக்கினேன். கனத்தது. சேற்றுத் தண்ணீர் என் சட்டையில் வழிந்தது. அதை அவள் தலையில் வைத்தேன். கழுத்து நரம்பு புடைக்க ஒரு நிமிஷம் நின்று சரிப்படுத்திக்கொண்டு, இரண்டு கம்பி வேலிக்கும் நடுவே ஒருச்சாய்ந்து திரும்பி, முதுகு உரசாமல் பார்த்துப் பார்த்து அவள் உள்ளே போனாள்.